ஒரே பின்னில் நாலு ஃபேன்

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். இதை வெளியே சொல்வதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. சொன்னால் யாராவது பழுதுபார்க்கச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், என் மனைவி கலாவின் இன்டர்வியூ.

கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மத்தியானமானால் கம்ப்யூட்டர் சூடேறித் தானாக அணைந்துவிடும். கலாவுக்கு வந்த வீடியோ இன்டர்வியூவும் மத்தியானம் இரண்டரைக்குத்தான். காட்டுப்பள்ளி பக்கம் எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. எக்செல் டெஸ்ட்டும் உண்டு, போனில் ஒப்பேற்ற முடியாது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் மறுபடி இறால் உரிக்கத்தான் போக வேண்டும். அந்த வேலையில் அவள் விரல்கள் புண்ணானதைப் பார்த்தவன் நான். எனவே உதவி செய்யக் கிளம்பினேன். (யாரும் கேட்கவில்லை.)

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் நாலு ஃபேன் வாங்கி வந்தேன். பெரிய சர்வர் மிஷினிலிருந்து கழற்றியவை. ஒவ்வொன்றின் முதுகிலும் ‘12 வோல்ட், 2.5 ஆம்பியர்’ என்று போட்டிருந்தது. வோல்ட் பொருந்துகிறது, போதும் என்று விட்டுவிட்டேன். மதர்போர்டில் ஃபேனுக்கென்று இருக்கும் பின் ஒரு ஆம்பியர்தான் தாங்கும். நான் அதில் ஒன்றை நாலாகப் பிரிக்கும் கேபிளைச் சொருகினேன். மூன்று வருடப் படிப்பு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

கலாவின் அப்பா சுண்ணாம்புக்குளத்தில் மீன்பிடிப் போட்டுகளுக்கு வயரிங் செய்பவர். அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, நாலையும் ஒரே பின்னுலயா குடுக்குறீங்க? எங்க நைனா லைட்டுக்கு ஒரு ஃபியூஸு, வயர்லெஸ்ஸுக்கு ஒரு ஃபியூஸுன்னு பேட்டரிலேர்ந்து தனித்தனியா இழுப்பாரு.”

“இது போட்டு இல்ல கலா, கம்ப்யூட்டரு,” என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்காகத்தான் ஓடியது. சூடு இல்லாதபோது ஃபேன் மெதுவாகச் சுற்றும், கரண்டையும் குறைவாகவே இழுக்கும் என்பது பிறகு தெரிந்தது.

இன்டர்வியூ தொடங்கிப் பத்தாவது நிமிடம் சூடேறியது. நாலு ஃபேனும் முழு வேகம் எடுத்து எஞ்சின் மாதிரி இரைந்தன. திரையில் இருந்த அதிகாரி, “மேடம், நீங்க போட்டுலயா இருக்கீங்க?” என்று கேட்டார். கலா வாயைத் திறப்பதற்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்து, திரை இருண்டது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

கலா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த அதிகாரிக்கே போன் போட்டாள்.

“சார், கம்ப்யூட்டரு எரிஞ்சிபோச்சு. எங்க வீட்டுக்காரரு பெரிய ஃபேனு நாலை ஒரே பின்னுல குடுத்துட்டாரு.”

ஸ்பீக்கரில் சிரிப்பு கேட்டது. “சரி, எப்படிக் குடுத்திருக்கணும்?”

“கரண்ட்ட நேரா பவர் சப்ளைலேர்ந்து எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஃபியூஸு போட்டிருக்கணும் சார். வேகத்த சொல்ற வயரு மட்டும் போர்டுக்குப் போனா போதும்.”

முந்தின நாளே போனில் படித்து வைத்திருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஒரு தடவை சொன்னதற்கு நான் கொடுத்த பதில் எனக்கே ஞாபகம் இருந்தது.

டெஸ்ட்டை மறுநாள் நேரில் வந்து எழுதச் சொன்னார்கள். வேலை கிடைத்துவிட்டது.

கருகிய மதர்போர்டை அவள் ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டாள். ஸ்டோர்ஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுகிறார்களாம். சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனால், கம்பெனி கேட்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட, “சார், எத்தினி ஃபேனு?” என்கிறார்கள். முதல் வருடம் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். இப்போதெல்லாம் “நாலு” என்று சொல்லிவிட்டு, கலா சிரித்து முடித்து வண்டியில் ஏறும்வரை காத்திருக்கிறேன்.