வாகைக்கு நாடி பார்த்த டொக்டர்

வன்னியில் தன் கையால் ஒரு நோயாளியையும் சாகவிடாத டொக்டர் ஒருவர்தான். கண்டாவளைப் பக்கம் நான் வேலை செய்யும் சின்ன அலுவலகத்தின் காவலாளி அவர். நோயாளிகள் எல்லாம் மரங்கள். ஒன்று மட்டும் போய்ச் சேரப் பார்த்தது. அதற்குக் காரணம் நான்.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. ஊர் மாறியும் பேச்சு மாறவில்லை. கோடையில் இலை கொட்டி நிற்கும் மரத்தைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, நகத்தால் பட்டையைச் சுரண்டி, "பச்சை இருக்குங்க, தூங்குது" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒருமுறை வற்றிய குளத்திலிருந்து ஒரு மண்கட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "உள்ள ஆள் இருக்காங்க ஐயா." என் குடிதண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினார். கட்டி கரைய, ஒரு தவளை எழும்பி என் ஃபைலில் உட்கார்ந்தது. பிரதம இலிகிதர் அம்மா கதிரையில் ஏறி நின்று, "டொக்டர், உந்த நோயாளிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புங்கோ!" என்று கத்தினார்.

அலுவலக முற்றத்தில் ஒரு பெரிய வாகை. அந்தக் கோடையில் அதில் ஓர் இலை இல்லை, காய்ந்த நெற்றுகள் மட்டும் சலசலத்தன. புது மோட்டார் சைக்கிளுக்குக் கொட்டில் போட எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. 'பட்டுப்போன மரம், ஆபத்தானது' என்று கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

வெட்ட ஆட்கள் வந்ததும் டொக்டர் ஓடிவந்து பட்டையைச் சுரண்டினார். "ஐயா, பாருங்க."

"நாடி எப்பிடி டொக்டர்? சேலைன் ஏத்துவமோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மழை வரைக்கும் பொறுங்க ஐயா. ரெண்டு மாசந்தான்."

நகம் பட்ட இடத்தில் பச்சை தெரிந்தது. நான் கண்டேன். ஆனால் கையொப்பம் வைத்த பிறகு மரம் உயிரோடு இருப்பது எனக்கு மானக்கேடாகப் பட்டது. "காஞ்சு போச்சு, வெட்டுங்கோ" என்றேன். வாள்தூள் ஈரமாக விழுந்தது. டொக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

மாரி மழைக்கு அடிக்கட்டையைச் சுற்றித் துளிர்கள் வந்தன. டொக்டர் முள்வேலி அடைத்தார். கொட்டில் எண்ணத்தைக் கைவிட்டேன். மோட்டார் சைக்கிளின் சீற் வெயிலில் வெடித்தது.

வருகிறவர்கள், "ஆர் இதை வெட்டினது?" என்று கேட்பார்கள். "காத்துல விழுந்துருச்சுங்க" என்பார் டொக்டர். அடிக்கட்டை மேசைபோல மட்டமாக இருந்தது. அப்படி நூல் பிடித்து அறுக்கிற காற்று வன்னியில் அடித்ததில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன். "டொக்டர், அண்டைக்கு நான் பச்சையைக் கண்டனான்."

"தெரியுங்க ஐயா. நான் ஐயா மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"பிறகேன் காத்தெண்டு சொல்லுறீங்கள்?"

"ஐயாவும் தெனம் இங்கதானே வேலைக்கு வரணும்."

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். துளிர்கள் இப்போது என் தோளுயரம். யாராவது கேட்டால், "நான்தான் வெட்டுவிச்சனான்" என்று நானே சொல்லிவிடுகிறேன். காற்று என்று சொல்ல, பக்கத்தில் டொக்டர் இல்லையே.