நீல வண்டியில் போன சிவப்பு வோட்டு

என் கரிக்குருவிக்கு,

உன் ஹேன்னா எழுதுவது. நான் சுகம். அங்கே நீ குளிரில்லாமல் இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காதே. ஒரு இடத்தில் உட்கார முடியாத சந்தோஷம், கத்திக் கத்தித் தொண்டையும் போய்விட்டது. ஜெயித்துவிட்டோம்!

நம் ஊர் எம்.பி. உன் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார், அங்கே பார்த்திருப்பாய். அதனால் இடைத்தேர்தல். உன் ஆயுசில் ஒரு தடவைகூட ஜெயிக்காத தொழிற்கட்சிக்கு உனக்குப் பதில் என் வோட்டாவது விழவேண்டும் என்று ஒரே தவிப்பு எனக்கு. ஆனால் நேற்று கொட்டுகிற மழை, என் முழங்காலோ வீக்கம், வோட்டுப் போடும் பள்ளிக்கூடமோ மேட்டு உச்சியில். வோட்டுக்கு ஆள் ஏற்றிப்போக நம் கட்சிக்கு இருப்பது ஒரே ஒரு ரொட்டிக்காரர் வண்டி, அதன் குதிரையும் நொண்டி. அப்போது வாசலில் நீல ரிப்பன் கட்டிய மோட்டார் கார்! கன்சர்வேட்டிவ் கட்சி மிஸஸ் ஃபேன்ஷா இறங்கி, "மிஸ்டர் ஹோல்ராய்ட் தயாரா?" என்றாள். பழைய பட்டியலில் உன் பெயர் அப்படியே இருக்கிறதாம். "அவர் நவம்பர்லயே போயிட்டாரும்மா. நான் வரேன்" என்று ஏறிவிட்டேன். பக்கத்து வீட்டு நெல்லி, "அடியே, புருஷன் மண்ணு காயல, அதுக்குள்ள நீலத்துல ஏறிட்டியா!" என்று தெருவே அதிரக் கத்தினாள். துக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டை லேசாக விலக்கி உள்ளே குத்தியிருந்த நம் கட்சிச் சிவப்பு ரிப்பனைக் காட்டினேன், கப்பென்று வாயை மூடினாள். பாதி மேட்டில் கார் நின்றுபோனது. உன் ஆலைப் பையன்கள் எட்டிப் பார்த்து, "நம்ம ஹோல்ராய்ட் வீட்டம்மாடா! தள்ளுங்கடா!" என்று உச்சிவரை தள்ளினார்கள். "எவ்வளவு நல்ல பசங்க, எங்க கட்சியா?" என்றாள் மிஸஸ் ஃபேன்ஷா. நான் இருமிச் சமாளித்தேன்.

இன்று மத்தியானம் நகர மன்றப் படியில் நின்று முடிவைச் சொன்னார்கள். பதினோரு வோட்டில் நம் ஆள்! தொப்பியெல்லாம் ஆகாயத்தில். நான் நெல்லியைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று தெரியவில்லை.

ஆண்டவர் உன்னைத் தன் கதகதப்பில் வைத்துக்கொள்ளட்டும். உன் அம்மாவைப் பார்த்தால் விசாரித்ததாகச் சொல்.

உன்
ஹேன்னா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மிஸஸ் ஃபேன்ஷா உன் கல்லறைக்கென்று பூ கொண்டுவந்தாள். "தோத்தா தோக்கட்டும்மா, உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் இனிமே எங்க கிடைப்பார்? ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்க கார்லதான் வருவார், வோட்டு உங்களுக்குத்தான்னு கையடிச்சுச் சொல்லுவார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடேறி நடந்தே போனேன் என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கால் அமுக்க வைத்தாயே! சரி, அது போகட்டும். வோட்டுப் போடும் தட்டி மறைவுக்குப் பின்னால் தனியாக நின்று, எந்தப் பெயருக்கு நேரே பென்சிலால் பெருக்கல்குறி போட்டாய், கரிக்குருவி?