மலைக்குச் சவரம் செய்தவர்

தாடி வளர்த்த சவரக்காரர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். மனிதர் யாருக்கும் அவர் கத்தி வைத்ததில்லை. பினாங்கு மலையில் ஒரு துரை பங்களாவுக்குக் கீழே இருந்த புல்சரிவை அறுத்து, மட்டக்குதிரைகளுக்குப் போடுவதுதான் வேலை. கேட்டால், "மலைக்குச் சவரம் பண்றேன்" என்பார். பெயரே அதுவாகிவிட்டது. நான் அதே பங்களாவில் கணக்கெழுதும் கிராணி.

மலைக்கு ரயில் வராத காலம் அது; ஏறி இறங்கக் குதிரைதான். குதிரைகளுக்குத் தீனி தட்டாமல் கிடைக்க வேண்டும். இவரோ சரிவில் பூவெல்லாம் உதிர்ந்து விதை விழும்வரை அரிவாளைத் தொடமாட்டார். விழுந்த மறுநாளே ஒட்ட அறுத்துவிடுவார். ஒருநாள் குதிரைக்காரர் கூடை கூடையாக லத்தியைக் கொண்டுவந்து சரிவில் கொட்டப் போனார். சவரக்காரர் குறுக்கே படுத்துக்கொண்டார்.

"எருப் போட்டா புல்லு ரெண்டு மடங்கு வரும்லா, எந்திரிங்கண்ணே!"

"வரும். முரட்டுப் புல்லு ஒண்ணு மட்டும் வரும். சின்னச் செடியெல்லாம் அது நிழல்ல செத்துப்போகும்."

"குதிரை பூவையா திங்குது?"

"நீ வெறுஞ்சோத்தையா திங்கிற?"

கூடை திரும்பிப் போயிற்று.

பிறகு புதுத் துரைசானி வந்தார். சரிவில் மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாக அரிசி அரிசியாய்ப் பூத்திருந்ததைப் பார்த்துச் சொக்கிப்போனார். இனி இங்கே அரிவாளே படக்கூடாது, குதிரைக்குப் புல் வெளியிலிருந்து வரட்டும் என்று உத்தரவு போட்டார்.

சவரக்காரர் என்னிடம் ஓடிவந்தார். "கிராணியாரே, வெட்டுறதாலதான் பூக்குதுன்னு அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க. வெட்டலைன்னா ரெண்டே வருசத்துல காடாயிடும்!"

அழைத்துப் போனேன். கைகட்டி நின்று, ஒவ்வொரு செடியாகக் காட்டி, கண்கலங்கப் பேசினார். என்ன சொல்கிறார் என்று துரைசானி என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். வந்து ஒரு வாரம் ஆகாத எசமானியிடம், உங்கள் உத்தரவு தப்பு என்று ஒரு புல்வெட்டி சொல்வதாக எப்படிச் சொல்வது? என் வேலை என்னாவது?

"தங்கள் கருணைக்கு நன்றி சொல்கிறார்" என்றேன்.

துரைசானி சிரித்தார். சம்மதித்துவிட்டார் என்று எண்ணிச் சவரக்காரரும் சிரித்தார். மறுநாள் அரிவாளை வாங்கிக்கொண்டு அவரைக் கீழே அனுப்பினார்கள்.

இரண்டே வருஷம். லாலாங் என்னும் முரட்டுப் புல் இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்றது. சுமை சுமையாகப் புல் இருந்தது, பூ ஒன்றுகூட இல்லை. துரைசானி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இப்படி ஆகுமென்று யாருக்குமே தெரியாதா? ஒருவர் சொல்லியிருந்தால்கூட வெட்டச் சொல்லியிருப்பேனே!"

அந்த ஞாயிறே கீழே இறங்கி அவரைத் தேடினேன். ஜெலுத்தோங்கில் ஒரு மாட்டுக் கொட்டகையில் இளைத்துக் கிடந்தார். சரிவு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். துரைசானி கேட்டதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பிறகு என் தோளைத் தட்டி, "விடுங்க கிராணியாரே. நீங்க உள்ளதைச் சொல்லியிருந்தாலும் அந்தம்மா கேட்டிருக்காதுலா" என்றார்.

நான் வருத்தப்படக் கூடாதென்று சொன்னார். அப்படிப்பட்ட மனிதரை மலையிலிருந்து இறக்கியவன் நான்தான்.