உட்பொருளார் கேட்ட கனவு

நம் நடுவே சத்தமில்லாமல் ஒரு இனம் பெருகிக்கொண்டிருக்கிறது. உட்பொருளார் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். இவர் கண்ணில் ஏணி பட்டால் அது ஆன்மாவின் ஏற்றம், கிணறு பட்டால் நனவிலி மனத்தின் ஆழம், சாவியைத் தொலைத்தவர் தன்னையே தொலைத்தவர், பல் விழுவதாகக் கனவு கண்டால் அதிகாரம் கைநழுவுகிறது, சோப்பு விளம்பரத்தில் அலை அடித்தால் அது ஆதித்தாய், சினிமாவில் வில்லன் கறுப்புச் சட்டையில் வந்தால் அது நம் எல்லோருடைய நிழல். கொஞ்சம் பேசாமல் படம் பார்க்க விடுங்கள் என்று கெஞ்சுகிற பின்வரிசைக்காரருக்கும் ஒரு பெயர் உண்டு: வாசலைக் காக்கும் பூதம்.

எங்கிருந்து முளைக்கிறார்கள்? கனவுக்குப் பொருள் சொல்லும் ஒரு மனோதத்துவப் புத்தகம் போதும். அதிலும் முதல் மூன்று அத்தியாயம். 'தொல்படிமம்' என்ற சொல் ஒருமுறை நாக்கில் ஏறிவிட்டால் பிறகு இறங்கவே இறங்காது.

என் அக்காவுக்கு வாய்த்தவர் இந்த இனத்தில் அசல் சரக்கு. சமையலறைக் குழாய் சொட்டுகிறதென்று ஆள் வந்தபோது, அத்தான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நீர் என்பது அடக்கிவைத்த உணர்ச்சி, அது வழி தேடுகிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். வாஷர் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். அத்தான் அவரை மௌன ஞானிகள் வகையில் சேர்த்திருக்கிறார்.

அக்கா ஒரு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்பவள். பதினாறு வருடம் நுண்ணோக்கியில் குனிந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்ட பிறகு, மூன்று மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் கிளையில் ஆய்வகத் தலைமைப் பொறுப்பு தேடி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். திங்களன்று அத்தானிடம் சொன்னாள். ரயில் என்றதுமே விதியின் தண்டவாளத்தில் ஏறிப் போய்விட்டார். செவ்வாயன்று கடிதத்தையே நீட்டினாள். மருத்துவமனை முத்திரையில் பாம்பு இருந்தது; அன்றைய பொழுது அதோடு முடிந்தது. புதனன்று அழுதாள். கண்ணீருக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா? எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு யோசனை வந்தது.

வியாழன் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, தான் ஒரு கனவு கண்டதாகச் சொன்னாள். அத்தான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சுக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. வேலைக்கு அழைத்து ஒரு கடிதம் வருகிறது, ரயிலேறிப் போய் வேறு ஊரில் வாடகைக்கு இருக்கிறாள், மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிறாள், அவர் தானே சமைத்துச் சாப்பிடுகிறார் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

அத்தான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது அழைப்பும்மா. எத்தனை பேர் இதுக்காகக் காத்துக் கிடக்கிறாங்க தெரியுமா? மாட்டேன்னு சொன்னா உள்ளுக்குள்ளேயே செத்துப்போயிடுவ."

"அப்போ கையெழுத்துப் போட்டுடட்டுமாங்க?"

"தாராளமா போடு."

போட்டாள். பத்து மணிக்குள் அனுப்பியும் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்ப நானும் போயிருந்தேன். வாசலில் பெட்டியைப் பார்த்து அத்தான் நின்றுவிட்டார். அதன் கைப்பிடியைத் தொட்டார், தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு பெட்டி வெறும் பெட்டியாகத் தெரிந்தது. "நிஜமாவே போறியா?" என்று கேட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷத்தை அதில் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

நாங்கள் அப்படி இல்லை என்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் வீட்டில் ஒருத்தி தலை வலிக்கிறது என்றாள். யார்மேல் கோபம், எதைக் குத்திக் காட்டுகிறாள், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஆராய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவளே எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். போகட்டும். இன்று காலை அவள் உங்களிடம் ஏதாவது கனவு சொன்னாளா?