பன்னீர்ச் சொம்பில் எல்டர்ஃபிளவர்

"மண்டப வாசலில் தேனீக்கள். காரணம் விளங்கவில்லை." பாகூர் நிச்சயதார்த்தத்தன்று, பூக்களையும் பூச்சிகளையும் குறித்துவைக்கும் என் நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான். காரணம், காதுக்காரர்.

ஒரு சொட்டுகூட ருசி பார்க்காமல் தலை நரைக்கும்வரை பாரில் மது கலந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். வில்லியனூர் பாரில் கிளாஸைக் காதோரம் வைத்து நுரை அடங்கும் சத்தத்தைக் கேட்பார். "இன்னும் ஒரு ஐஸு கேக்குதுப்பா" என்பார். குடித்தவர் யாரும் மறுத்ததில்லை. மறுக்கும் நிலையில் இருந்ததுமில்லை.

அவருடைய ஒரே மகளுக்குப் பாரிஸ் மாப்பிள்ளை. எல்டர்ஃபிளவர் சிரப்பும் ஸ்பார்க்ளிங் ஒயினும் கலந்து வரவேற்பதுதான் தங்கள் வீட்டு வழக்கம் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்.

காதுக்காரர் என்னிடம் ஓடிவந்தார். "சார், இது இன்னா பூ?"

புத்தகங்களைப் புரட்டிச் சொன்னேன்: "குளிர்தேசத்துப் புதர்ப்பூ. வெள்ளையா, கொத்துக்கொத்தா பூக்கும்."

"முருங்கப்பூவா?"

"இல்ல."

"வேப்பம்பூவா?"

"அதுவும் இல்ல."

"அப்ப உங்களுக்கும் தெரியாது" என்று போய்விட்டார்.

சூட்கேஸில் உடையுமென்று மாப்பிள்ளை சிரப்பைப் பிளாஸ்டிக் பாட்டிலில் மாற்றிக் கொண்டுவந்திருந்தார். பக்கத்திலேயே அதேபோன்ற பாட்டிலில் பன்னீர். இரண்டிலும் பூ வாசம். காதுக்காரரின் மனைவி ஒன்றை எடுத்துப் பன்னீர்ச் சொம்பில் ஊற்றினார். மிஞ்சியதைக் காதுக்காரர் ஒயினில் கலந்து, எலுமிச்சை பிழிந்து, புதினா போட்டுக் காதில் வைத்தார். சத்தம் சரியாகவே இருந்தது.

வாசலில் கும்பிட்டவர்களின் கைகள் பிரியவில்லை. தேனீக்கள் வரத் தொடங்கின. மனைவி ஓடிவந்தார்.

"இன்னாங்க, பன்னீரு பிசுபிசுன்னு ஒட்டுது!"

காதுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் தட்டு மேடைக்குப் போய்விட்டது. சம்பந்தியம்மா கிளாஸை உதட்டருகே கொண்டுபோனார். முகம் சுளித்தால் மகளின் கதி? காதுக்காரர் பாய்ந்து பிடுங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

மண்டபம் திகைத்தது.

"இன்னா சம்பந்தி, எனக்குன்னு நெனச்சனே?"

"மொதல்ல பொண்ணோட அப்பன் குடிக்கணும். அதாங்க எங்க ஊரு மொற." அப்படியொரு முறை எங்கும் கிடையாது.

"அப்ப அடுத்தது நானு" என்று அந்த அம்மாள் இன்னொரு கிளாஸை எடுத்துக் குடித்தார். கொஞ்சம் யோசித்தார். "இது எங்க வூட்டு டேஸ்ட் இல்லியே... சரி, இன்னொண்ணு குடுங்க."

மகள் இப்போது பாரிஸில் இருக்கிறாள். அன்று குடித்ததோடு சரி என்கிறார் காதுக்காரர். அவள் போன் வந்தால் மட்டும், நுரை கேட்ட அதே காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். அதில் என்ன கேட்கிறது என்று சொல்வதில்லை. நானும் இன்னும் உறுதிசெய்யவில்லை.