ஆடி மாதத்தில் எனக்கு வராத அம்மை

பயந்தவன் சொல்கிற பொய்தான் பெரிய பொய்யாக இருக்கும். தைரியசாலிக்குப் பொய்யே தேவைப்படாது. "எனக்கு இஷ்டமில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். என்னைப் போன்ற ஆட்கள்தான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல், அதற்குப் பதிலாகத் தலைவலி, வயிற்றுவலி, பெரியப்பா சாவு என்று எதையாவது உருவாக்குவோம். (என் பெரியப்பா இதுவரை மூன்று முறை இறந்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார்.) ஆனால் நான் சொன்ன பொய்களிலேயே என்னை நடுநடுங்க வைத்தது, ஒரு ஆடி மாதத்தில் நான் அம்மன் பெயரில் சொன்ன பொய்தான்.

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் போல்ட், நட்டுகளை அளந்து பார்க்கிற வேலை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் பெருமையெல்லாம் சாயங்காலத்தில்தான் இருந்தது. ஆவடியில் 'தேன்சிட்டு இன்னிசைக் குழு'வில் நான் பேட் வாசித்தேன். தபலா, பம்பை, உடுக்கை என்று எல்லாச் சத்தமும் அந்த ஒரு எலக்ட்ரானிக் பெட்டிக்குள் இருக்கும். இரண்டு குச்சிகளால் தட்ட வேண்டியதுதான். மேடையில் ஏறி உட்கார்ந்தால்தான் நான் ஒரு ஆள். இறங்கினால் நானும் ஒரு போல்ட்.

தேன்சிட்டின் லீடர் பாண்டியண்ணன். மதுரைப் பக்கத்துக்காரர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அவர் மீசையைப் பார்த்தவர்கள் அவர் சோகப் பாட்டு பாடுவார் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். என் கல்யாணத்தில் பந்தியில் நின்று கடைசி ஆள் வரைக்கும் பரிமாறியவர். எனக்கு டைபாய்டு வந்தபோது மூன்று நாள் லீவு போட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவரை நினைத்தால் எனக்குப் பாசமும் பயமும் ஒன்றாகத்தான் வரும்.

அந்த வருடம் தேன்சிட்டு சிறகு சிறகாக உதிர்ந்தது. கீபோர்டுக்காரருக்குச் சார்ஜாவில் வேலை கிடைத்தது. ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் முதல் பாட்டு யாருக்கு என்று எங்கள் பாடகருக்கும் பாடகிக்கும் சண்டை வந்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு ஆட்டோ பிடித்துப் போனவர்கள் திரும்பவே இல்லை. கிடார்காரன் கல்யாண டிஜே ஆகிவிட்டான். கடைசியில் ஒத்திகைக்கு அண்ணனும் நானும்தான் மிஞ்சினோம். அவர் பாடுவார், நான் தட்டுவேன், பாண்டியண்ணன் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் போய்விடுவார். "ஆளு வரும்டா, பாப்போம்" என்று அண்ணன் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பூந்தமல்லியிலிருந்து போன் வந்தது. "இன்னா நைனா, ஆவடி சரவணனா? நான் சரவெடி தாஸு பேசறேன்."

சரவெடி இன்னிசைக் குழு என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய பெயர். ஆடி மாதம் முழுக்க அவர்களுக்கு மேடை இருக்கும். தாஸ் அண்ணாத்தே நேராக விஷயத்துக்கு வந்தார். "எங்க பேட்காரன் கைய ஒடைச்சிகினு படுத்துகீறான். ஞாத்திக்கெழம காட்டுப்பாக்கத்துல ஒரு அம்மன் கோயில் ப்ரோகிராம் கீது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு. வந்து வாசி. புடிச்சிருந்தா நம்மகிட்டயே இருந்துக்க."

நான் 'யோசித்துச் சொல்கிறேன்' என்றேன். இரண்டு நாள் யோசித்தேன். போகாவிட்டால் இனி வாழ்நாள் முழுக்க மேடை கிடைக்காமலே போய்விடுமோ என்று ஒரு பயம். போனால் அண்ணனின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அதைவிடப் பெரிய பயம். புதன்கிழமை அவரே போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானமா வீட்டுக்கு வந்துருடா. முக்கியமான விஷயம் ஒண்ணு பேசணும்." குழுவை நாம் இரண்டு பேருமே மறுபடி தூக்கி நிறுத்துவோம் என்று சொல்லப்போகிறார், நானும் தலையாட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

காய்ச்சல் என்றால் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். எந்த நோயைச் சொன்னாலும் வருவார். வெளியாட்கள் வீட்டுக்குள் வரக் கூடாத நோய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அண்ணே... எனக்கு அம்மை போட்டிருக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மனைவி சுமதி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஆடி மாசத்துல யாராச்சும் அம்மா வந்திருக்குன்னு பொய் சொல்வாங்களா? அம்மாகிட்டயே விளையாடுறியா நீ?"

அதுவரைக்கும் அண்ணனுக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்த நிமிடத்திலிருந்து அம்மனுக்கும் சேர்த்துப் பயப்பட ஆரம்பித்தேன்.

ஒரு பொய்க்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாசலில் வேப்பிலை கட்ட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்த கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா, தாளிக்கிற வாசனை மேலே வரக்கூடாது என்று தன் வீட்டில் வடை சுடுவதை நிறுத்திவிட்டார். ஓனர் வடை இல்லாமல் என் ஜன்னலை முறைத்துக்கொண்டே போனார். கம்பெனிக்கு நான் காலையில் யாரும் எழுவதற்குமுன் மாஸ்க் போட்டுக்கொண்டு திருடன் மாதிரி கிளம்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தெருவிலிருந்து குரல் கேட்டது.

"சரவணா! எப்படிடா இருக்கே?"

பாண்டியண்ணன். கேட்டுக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கத்தில், கையில் ஒரு குலை இளநீரோடு நின்றார். முறைப்படி உள்ளே வரவில்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, "பரவால்லண்ணே..." என்று முனகினேன். (நடிப்பு தேவைப்படவில்லை. குரல் பயத்தில் அப்படித்தான் வந்தது.)

"பயப்படாதடா. ஒங்கண்ணி ஒனக்காக வேண்டிக்கிட்டிருக்கா" என்று கத்திவிட்டு, இளநீரைக் கேட்டருகில் வைத்துவிட்டுப் போனார். போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை செருப்பு மாட்டினேன். இரண்டு முறையும் கழற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மாஸ்க் சகிதம் காட்டுப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். ஆவடிக்காரர்கள் யாரும் அங்கே வரமாட்டார்கள் என்பது என் கணக்கு. தாஸ் அண்ணாத்தே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, கச்சேரிக்கு வந்தியா, பேங்க்ல கொள்ள அடிக்க வந்தியா?"

"டஸ்ட் அலர்ஜி அண்ணாத்தே" என்றேன். (பார்த்தீர்களா? அடுத்த பொய்.)

தெருமுனையில் மேடை. எதிரே அம்மன் கோயில். கூழ் ஊற்றி முடித்து, தெரு முழுக்கப் பெண்கள் மஞ்சள் சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். "மொத மொத அம்மன் பாட்டு. பம்பைய நல்லா அடி. யாருக்காச்சும் சாமி வந்துச்சின்னா பாதியில நிறுத்தாதே. பூசாரி துன்னூறு வெச்சப்புறந்தான் நிறுத்தணும். இல்லாங்காட்டி ஆத்தா கோச்சிக்கும்" என்றார் தாஸ் அண்ணாத்தே. தேன்சிட்டில் அதையெல்லாம் பாண்டியண்ணன் பார்த்துக்கொள்வார். கையைக் காட்டுவார், நான் நிறுத்துவேன். இங்கே கை காட்ட யாருமில்லை.

பாட்டு ஆரம்பித்து நாலாவது வரியில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். தலைமுடி அவிழ்ந்தது. கையில் வேப்பிலை. ஆடிக்கொண்டே விளக்கு வெளிச்சத்துக்கு வந்தபோது முகம் தெரிந்தது.

அண்ணி.

பத்து வருடமாக அவர் கையால் டீ குடித்திருக்கிறேன்; அவருடைய அம்மா வீடு காட்டுப்பாக்கம் என்று ஒருநாளாவது கேட்டுத் தெரிந்துகொண்டேனா? அவருக்குப் பின்னால், தோளில் துண்டோடு, அவர் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டே பாண்டியண்ணன் வந்தார். ஓடிவிடலாம் என்றால் தாளம் நின்றுவிடும். நிறுத்தினால் அம்மனுக்குக் கோபம் வரும். ஏற்கெனவே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

பயத்தில் என் கை நடுங்கியது. நடுங்கிய கையில் தாளம் வேகமாயிற்று. தாளம் வேகமாக ஆக, அண்ணியின் ஆட்டம் வேகமாயிற்று. அதைப் பார்த்து நான் இன்னும் நடுங்கினேன். பக்கத்தில் இன்னும் நாலு பேருக்குச் சாமி வந்தது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கூட லேசாக ஆட ஆரம்பித்தார்.

"ஸ்பீட கொற நைனா!" என்று தாஸ் அண்ணாத்தே என் காதில் கத்தினார். "தெருவே ஆடுது!"

பூசாரி ஓடிவந்து அண்ணியின் முன்னால் கற்பூரத்தைக் காட்டினார். யாரோ மைக்கை நீட்டினார்கள். "தாயே, இன்னா கொறை? சொல்லு தாயே!"

அண்ணி ஆடிக்கொண்டே இருந்தார். பாண்டியண்ணன்தான் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மீசை நடுங்கியதை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். "எங்க பேட் வாசிக்கிற தம்பி சரவணனுக்கு அம்மை போட்டிருக்கு தாயே. அவனுக்காகத்தான் இவ கூழ் ஊத்துனா. புள்ளைய எழுப்பி உக்கார வச்சிரு தாயே." அது நாலு ஸ்பீக்கரிலும் தெரு முழுக்கக் கேட்டது.

அண்ணி தலையை நிமிர்த்தினார். வேப்பிலையை என் பக்கம் நீட்டி, எலும்பு சில்லிட்டுப்போகிற ஒரு குரலில் சொன்னார்: "எழுப்பி உக்கார வெச்சிட்டேன், போ!"

என் கையிலிருந்த குச்சி நழுவி மேடையை விட்டே உருண்டு போயிற்று. தாளம் நின்றது. தெரு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு மூச்சு வரவில்லை. மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தேன். கண்ணாடியும் தொப்பியும் அதோடு சேர்ந்து போயின.

பாண்டியண்ணன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். "ஏய்... எந்திரிச்சிட்டான்! புள்ள எந்திரிச்சிட்டான்!" என்று கத்தினார். கூட்டம் குலவையிட்டது. ஒரு பாட்டி என்னிடமே விபூதி கேட்டு மேடை ஏறினார். அப்புறம்தான் அண்ணனின் கண் என் கையில் இருந்த இன்னொரு குச்சிக்குப் போனது. அங்கிருந்து சரவெடி பேனருக்கு. அந்தச் சந்தோஷம் அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேனே, அதைவிட எனக்கு நிஜமாகவே அம்மை வந்திருக்கலாம்.

பூசாரி விபூதி வைத்து, அண்ணி மேல் வந்த சாமி மலையேறியதும், மேடைக்குப் பின்னால் எல்லோரும் கூடினோம். தாஸ் அண்ணாத்தே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாண்டி சாரு, நீங்க சொன்ன புள்ள இவன்தானா? அம்மைல படுத்துகினு கீறான்னு சொன்னீங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஒன்னிய எனுக்குத் தெரியாது நைனா. சவுண்டு சர்வீஸ்காரன் நம்பர் குடுத்தான், கூப்ட்டேன். சாரைப் பாடறதுக்குக் கூப்பிட்டேன். எங்கூட ஒரு புள்ள கீறான், அம்மைல கீறான், அவன் எழுந்ததும் ரெண்டு பேருமா வர்றோம், ஒருத்தனா வரமாட்டேன்னுட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை அவர் பேச வேண்டும் என்ற முக்கியமான விஷயம் அதுதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது. முப்பத்தோரு வயதில், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா. கடிச்சா வச்சிருவேன்?" என்றார் அண்ணன். தோளில் கிடந்த துண்டை என்னிடம் நீட்டிவிட்டு, "இந்த ஆளு கூப்பிட்டாருன்னு ஒங்கிட்ட சொல்ல நானும் ஒரு வாரமா பயந்துக்கிட்டுத்தான் கெடந்தேன். குழுவக் கலைச்சிட்டு ஓடுறேன்னு நெனச்சிருவியோன்னு" என்றார்.

அவர் மன்னித்துவிட்டார். அண்ணிதான் மன்னிக்கவில்லை. எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தீர்ப்பு சொன்னார்.

"அம்மா பேர்ல வேப்பிலை கட்டியாச்சு. கூழு ஊத்தியாச்சு. கட்டுனத சும்மா அவுக்க முடியாது தம்பி. முறையா மூணு தண்ணி ஊத்திட்டுதான் நீ இனிமே பேட்ல கை வைக்கணும்."

"அண்ணி, எனக்குத்தான் அம்மையே இல்லையே..."

"அது உனக்குத் தெரியுது. அம்மாவுக்கு என்னான்னு சொல்லப்போறே?"



ஆக, கல்லுக்குண்டு மாதிரி ஆரோக்கியமாக இருந்த நான், லீவு போட்டு, வேப்பிலை மேல் படுத்து, உப்புச் சப்பில்லாத தயிர்சாதம் தின்றேன். நாள் விட்டு நாள் மூன்று முறை, வெயிலில் வைத்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரை அண்ணி சொம்பு சொம்பாக என் தலையில் ஊற்றினார். ஒவ்வொரு முறையும் நான் கண்ணை மூடிக்கொண்டு, மனசார மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் பாண்டியண்ணன் நின்று செல்போனில் படம் எடுத்தார். மூன்றாம் தண்ணீர் முடிந்த அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சரவெடி மேடையில் ஏறினோம். இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.

அந்தப் படம் எங்கள் குடும்பத்தில் சுற்றாத போன் இல்லை. போன வாரம் என் மகளுக்குப் பள்ளிக்கூடம் போக விருப்பமில்லை. லீவு லெட்டர் எழுதச் சொன்னாள். என்ன காரணம் எழுதுவது என்று பேனாவோடு நான் யோசித்தபோது அவள் பதறிவிட்டாள்.

"காய்ச்சல்னு எழுதுப்பா, வயித்துவலின்னு எழுது, பெரிய தாத்தா செத்துட்டார்னுகூட எழுது. அம்மைன்னு மட்டும் எழுதிடாதே. பாண்டி பெரியம்மா சொம்போட வந்துடுவாங்க."