திண்டிவனம் போகும் பட்டன்

இனிமேல் விரலால் தள்ளி ரயிலைத் திருப்புவதில்லை என்று தென்னரசு சபதம் போட்டார். ஊரில் இருக்கும் விழுப்புரம் ஜங்ஷன் கரண்டில் ஓடும்போது, அவர் பின்னறை மேசைமேல் கட்டிய விழுப்புரம் ஜங்ஷன் மட்டும் விரலில் ஓடலாமா? பொம்மை ரயில்தான். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

அந்த அறைமேல் மனைவி செண்பகத்துக்கும் ஒரு கண்.

"இன்னாங்க, நாலு மாசமா அந்த மேசையவே சுத்திக்கினு இருக்கீங்க. நான் அடுப்பாண்ட குந்திக்கினு ஜாக்கெட்டு தெக்கிறேன்."

"பட்டன அமுக்கினா ரயிலு பாண்டிச்சேரி போவாம திண்டிவனம் பக்கம் திரும்பணும். அது ஒண்ணுதான் பாக்கி."

"ஞாயித்துக்கெழமை எந்தம்பி வர்றான். அவன் முன்னாடி திருப்புங்க. யாரு திருப்பி வெக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் ரூமு. சரியா?"

"டபுள் சரி!"

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். வேறு யார் திருப்பப் போகிறார்கள்?

பிரியும் தண்டவாளத்தை நகர்த்த ஒரு குட்டி மோட்டார் உண்டு. அதற்கு ஒரு நொடி கரண்ட் போதும். தென்னரசு மாட்டியதோ, போட்டால் போட்டபடி நிற்கும் லைட் சுவிட்ச். முதல் மோட்டார் புகைந்தது. இரண்டாவதற்கும் அதே சுவிட்சை மாட்டிய பெருமை அவரையே சேரும். மூன்றாவதைக் காணவே காணோம்.

மனிதர் அசரவில்லை. செண்பகத்தின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலைக் கிளப்பினார். ஒரு நுனி தண்டவாளத்தில், மறு நுனி மேசைக்கடியில், கால் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சுருக்காக. மேலே பேருக்கு ஒரு பட்டன். அடுத்தவர் அமுக்க வேண்டியது, இவர் இழுக்க வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை. கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அக்கா! வெளிய பெல்லு சுச்சையே காணோம்!" என்றபடி மச்சான் ரஞ்சித் அவித்த வேர்க்கடலையோடு உள்ளே வந்தான்.

"அத வுடு மச்சான், இந்தப் பட்டன அமுக்கு!"

அமுக்கினான். தென்னரசு கட்டைவிரலை இழுத்தார். நூல் மொத்தமும் காலோடு வந்துவிட்டது. ரயில் ஜம்மென்று பாண்டிச்சேரி போனது.

"இன்னா மாமா, திரும்பலியே?"

செண்பகம் அட்டை ஸ்டேஷனைத் தூக்கினாள். அடியில் ஒரு வெள்ளை பட்டன்.

"அடுத்த சுத்து வரட்டும். இத அமுக்குடா."

டக்! ரயில் திண்டிவனம் பக்கம் திரும்பியது. தென்னரசு தன்னை மறந்து கை தட்டிவிட்டார். பிறகுதான் உறைத்தது.

"ஏது இது?"

"நம்ம காலிங் பெல் சுச்சுதான். அமுக்கினா கரண்டு, கைய எடுத்தா கட்டு. மூணாவது மோட்டாரயும் பொசுக்கிடுவீங்கன்னு நான்தான் எடுத்து வெச்சிருந்து மாட்டினேன். கரண்டுக்கு அந்தப் பழைய இன்டர்நெட் மோடத்தோட அடாப்டரு."

"நூலு?"

"எம்பொட்டி நூலு எனக்குத் தெரியாதா? நீங்க குளிக்கச்சொல்லோ கத்திரிச்சிட்டேன்."

தையல் மெஷின் அன்றைக்கே அறைக்குள் வந்தது. தென்னரசு ரயிலைக் கழற்ற ஸ்குரூடிரைவரோடு நின்றார், முகம் வாடி.

"கழட்டாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும். எனக்கு நூல்கண்டு ஏத்திக்கினு வரும்."

தென்னரசுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்!

"அப்ப வாசலுக்கு வேற பெல்லு சுச்சு வாங்கணுமே, செண்பகம்?"

"எதுக்கு வீண் செலவு? ரூமுலதான் இனிமே உங்களுக்கு வேல இல்லியே. வாசல்ல குந்திக்கினு, ஜாக்கெட்டு குடுக்க யாருனா வந்தா ஒரு கொரலு குடுங்க."